‘ஓவியர்: பெயர் தெரியவில்லை’

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: ஏரி, பூநாரைகள், டச்சுக் கல்லறைகள். கல்லறைத் தோட்டத்துக் கற்களில் இறந்தவரின் பெயரும் பதவியும் தேதியும் ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பல எழுத்துகள் மங்கவில்லை. அந்த மனிதர்கள் கடல் கடந்து இந்தக் கரைக்கு வந்தது முக்கியமாகத் துணிக்காக. அந்தத் துணியில் பூவும் கொடியும் மயிலும் வரைந்தவர்களின் பெயரை அங்கே நான் எந்தக் கல்லிலும் பார்த்ததில்லை.

நான் மீஞ்சூரில் வசிப்பவள். பழவேற்காடு எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ஓவியர்கள் என்றதும் என் மாணவிகள் சொல்லும் பெயர்கள் ரவிவர்மா, டா வின்சி, பிக்காசோ. “நம்ம பக்கத்துல யாராவது ஓவியர் இருந்தாங்களா மிஸ்?” என்று ஒருமுறை ஒருத்தி கேட்டாள். இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இந்தக் கரையில் வரைந்த துணிகள் இன்று லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஆனால் வரைந்தவர் பெயர் அவற்றில் இல்லை. ஏன் இல்லை, அந்தப் பெயரின்மைக்குள் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

துணிதான் பணம்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் வணிகச் சாவடி அமைத்தது. 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் மிளகும். தீவு மக்களோ ஐரோப்பியச் சரக்கை அவ்வளவாக விரும்பவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் துணி. எனவே இங்கே துணியை வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைப் பொருளை ஏற்றிக்கொண்டு போனார்கள். துணியே அந்த வணிகத்தின் நாணயமாக இருந்தது.

அதே துறையிலிருந்து மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சக் காலத்தில் விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பத்தாவியாவுக்கு அடிமைகளாகப் போனார்கள். ஒரே கம்பெனியின் வணிகம்தான் இரண்டும். துணியின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடிவதில்லை.

ஏற்றுமதியான துணிகளில் பல வகை உண்டு. தறியிலேயே கட்டம் போட்டு நெய்தவை ஒரு வகை. வெள்ளைத் துணியில் கையால் வரைந்து சாயமேற்றியவை இன்னொரு வகை. இந்த இரண்டாவதைச் சீட்டித் துணி என்றார்கள். கலம் என்ற எழுதுகோலால் செய்வதால் கலம்காரி என்ற பெயரும் வந்தது. பழவேற்காடு முதல் மசூலிப்பட்டினம் வரை பல ஊர்களில் இந்த வேலை நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பணியாற்றிய தானியல் ஹவார்ட் என்ற டச்சுக்காரர், இந்த வேலை நத்தை ஊர்வதுபோல மெல்ல நகர்வதாகவும், பொறுமைக்கு உருவம் கொடுக்க நினைப்பவர் இத்தகைய ஓவியர் ஒருவரைப் பார்த்தாலே போதும் என்றும் எழுதிவைத்தார். பொறுமையைக் கவனித்தவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

எத்தனை கைகள்

சீட்டித் துணியில் ஒரு சிவப்புப் பூ எப்படி வந்தது என்று பார்த்தால், ‘ஓவியர்’ என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு பேரை மறைக்கிறது என்று புரியும்.

துணியை வெளுத்துக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, அடுத்துப் பூசும் நீர் இழையில் பரவிக் கசியாமல் தடுக்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கோடு இழுத்தால், அது துணியில் ஏறியிருக்கும் கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டுவார்கள். அந்த நீருக்குச் சொந்த நிறம் கிடையாது. சாயவேர் போட்டுக் கொதிக்கும் நீரில் துணியை முக்கும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் ஏறக்கூடாத இடத்தையெல்லாம் உருக்கிய மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பிறகு வெந்நீரில் மெழுகை எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் அலசல், உலர்த்தல், மறுபடி அலசல். இந்த வேலை முடிய வாரங்கள் ஆகும். முடிந்த துணி எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காது. ஐரோப்பா அதுவரை இப்படியொரு துணியைக் கண்டதில்லை.

இப்போது கைகளை எண்ணுவோம். சாயவேர் என்கிற இம்பூறல், மணற்பாங்கான கடலோர நிலத்துச் செடி. மெல்லிய வேரை மண்ணுக்குள்ளிருந்து அறுந்துபோகாமல் தோண்டி எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் வேர் தோண்டுவது ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாய வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தது. வெளுப்பதும் அலசுவதும் வண்ணார் குடும்பங்களின் வேலை. நீரில் நின்ற அந்தக் குடும்பங்களில் பெண்களும் இருந்தார்கள். நெசவாளர் வீட்டில் தறியில் உட்கார்ந்தவர் ஆணாக இருக்கலாம். நூலைச் சுற்றிக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நூல். ஒரு தறி நிற்காமல் ஓடப் பல இராட்டைகள் சுற்ற வேண்டும். இராட்டையைச் சுற்றியவர்கள் பெண்கள். இது இக்கரையில் மட்டுமல்ல, பருத்தி நூற்கப்பட்ட இடமெல்லாம் அப்படித்தான். சங்க இலக்கியம் நூல் நூற்பவளைப் ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. கணவன் இல்லாத பெண்கள் நூற்றுப் பிழைத்ததை ‘ஆளில் பெண்டிர்’ என்ற சொல்லால் குறிக்கிறது. நிலமும் துணையும் இல்லாத பெண்ணுக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்த கூலி அது. டச்சுக் கப்பல் ஏறிய ஒவ்வொரு முழத் துணியிலும் அந்தக் கூலிக்காரிகளின் இரவுகள் இருந்தன.

கம்பெனிக்காரர்கள் கணக்கெழுதுவதில் சளைத்தவர்கள் அல்ல. எத்தனை பொதி, என்ன தரம், என்ன விலை, எந்தக் கப்பல், எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் எல்லாவற்றையும் எழுதினார்கள். பணம் வாங்கியவரின் பெயர்தான் ஏட்டில் ஏறும். முன்பணம் தலைமை வணிகருக்குப் போனது. அவரிடமிருந்து நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் வந்தது. நூற்றவளுக்கும் ஏட்டுக்கும் நடுவே மூன்று நான்கு ஆண்கள் நின்றார்கள். வரைந்தவரின் பெயர் ஏட்டுக்கு ஒரு படி கீழே மறைந்தது. நூற்றவள் பெயர் இன்னும் பல படிகள் கீழே போய்விட்டது.

லண்டன் தெருவில் கிழிந்த துணி

துணியின் மறுமுனையிலும் பெண்கள் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீட்டித் துணி ஐரோப்பாவுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. பட்டு வாங்க முடியாத பெண்கள்கூட பூப்போட்ட, துவைக்கக்கூடிய, மெல்லிய ஆடை அணிய முடிந்தது. எஜமானிக்கும் பணிப்பெண்ணுக்கும் உடையில் வித்தியாசம் தெரியவில்லை என்று பெரிய மனிதர்கள் புலம்பினார்கள். உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது; அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து முதலில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721இல் இயற்றிய சட்டத்தால் அணிவதையே தடைசெய்தது.

அந்தச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1719 கோடையில், லண்டனின் நெசவாளர் கூட்டங்கள் தெருவில் இறங்கின. சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தி, அவர்கள் உடம்பிலிருந்து உடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள். அந்த நெசவாளர்களின் வறுமை உண்மை. ஆனால் அவர்களின் கோபம் இறக்குமதி செய்த கம்பெனியின் வாசலைவிட எளிதாக, தனியே நடந்துபோன பெண்ணின் உடம்பில் இறங்கியது. பொருளாதார நெருக்கடி வந்தால் முதலில் பெண்ணின் உடையைக் கேள்வி கேட்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல.

அடுத்த அடி இந்தப் பக்கத்தில் விழுந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்களும், செப்பு உருளையில் துணி அச்சிடும் முறையும் வந்தன. அந்த இயந்திரங்கள் அச்சிட்ட பூக்களில் பல, இந்தக் கரையின் பூக்களைப் பார்த்துப் போட்டவை. கையால் வரைந்த துணிக்குச் சந்தை சுருங்கியது. மில் நூல் இந்தியாவுக்கு வந்தபோது கைத்தறி முழுதாகச் சாகவில்லை. மில் நூலை வாங்கி நெய்து தாக்குப்பிடித்தது. இராட்டைக்கு அந்த வழியும் இல்லை. நெசவாளரின் துயரம் நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது இருக்கிறது. அவருக்கு முன்பே வேலை இழந்த நூற்புக்காரிகளுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

கண்ணாடிக்குள் ஒரு சீட்டு

தப்பிய துணிகள் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சீட்டித் தொகுப்பு புகழ்பெற்றது. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஏழு துணிப் பலகங்கள் இருக்கின்றன. 1914இல் இந்தியாவில் வாங்கப்பட்டவை. வளைவு மண்டபங்களுக்குள் ஐரோப்பியர், தென்னிந்தியர் என்று பல நாட்டு மக்கள் நெருக்கமாக நிற்கிறார்கள். தொப்பியையும் தாடியையும் கால்சட்டைச் சுருக்கத்தையும் வரைந்தவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! நான் அங்கெல்லாம் போனதில்லை. அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், மாணவிகளுக்கும் காட்டியிருக்கிறேன்.

படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பை அவர்களைப் படிக்கச் சொல்வேன். ‘சோழமண்டலக் கரை, பருத்தி, சாயம், இன்ன ஆண்டு’ என்ற அளவில் இருக்கும். யார் நன்கொடை கொடுத்தார், எந்த ஆண்டில் வாங்கப்பட்டது என்ற விவரமும் இருக்கும். வாங்கியவருக்குப் பெயர் உண்டு. வரைந்தவரைப் பற்றிப் ‘பெயர் தெரியவில்லை’ என்பார்கள், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார்கள். தெரியவில்லை என்ற சொல், காலம் அழித்துவிட்டது, யாரும் பொறுப்பில்லை என்பதுபோல ஒலிக்கிறது. நடந்தது அதுவல்ல. எழுதத் தெரிந்தவர்கள், ஏட்டோடு பக்கத்திலேயே இருந்தவர்கள், எழுதவில்லை. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை விளக்குவதே பெண் வரலாற்றின் பாதி வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் துணிகள் ஓவியக் கூடத்தில் அல்லாமல் துணிப் பிரிவில் இருப்பதும் தற்செயல் அல்ல. கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தால் ஓவியம். உடுத்தும் பருத்தியில் சாயத்தால் வரைந்தால் கைவினை. கான்வாஸும் துணிதான். 1971இல் லிண்டா நோக்லின் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர், மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியையே திருப்பிப் போட்டார். பெண்களைப் பயிற்சியிலிருந்தும் கலைக்கழகங்களிலிருந்தும் விலக்கிவைத்துவிட்டு, மேதைமை இல்லை என்று சொல்வது என்ன நியாயம் என்றார். பத்தாண்டுகளுக்குப் பின் ரோசிக்கா பார்க்கரும் கிரிசெல்டா பொல்லாக்கும் இன்னொரு படி மேலே போனார்கள்: கலை, கைவினை என்ற தரவரிசையே ஆண்-பெண் தரவரிசையோடு பின்னிக் கிடக்கிறது என்று காட்டினார்கள். புதுமைக்குப் பேர்போன ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளிகூட, சேர்ந்த பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பிரிவுக்குத்தான் தள்ளியது. அப்படி நெசவுக்குப் போன ஆனி ஆல்பர்ஸ், 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் காட்சி வைத்தார். நெசவுக்கலைஞர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதல் தனிக்காட்சி அது.

மெழுகு மறுபடியும் வந்தது

நம் ஊரில் இந்தப் பிரிவினை எப்படி வளர்ந்தது? 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்று, தொழிற்கலைப் பள்ளியாக நடத்தியது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். முதலில் மண்பாண்டம், உலோக வேலை, மரவேலை போன்றவற்றுக்குத்தான் அங்கே முதன்மை. தேவி பிரசாத் ராய் சவுத்ரி முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற பிறகு ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பாறையைப் புரட்டும் நான்கு பேரையும் நமக்குத் தெரியும். நால்வரும் ஆண்கள். உழைப்பு என்றதும் ஒரு பெரிய கலைஞரின் கண்ணுக்குத் தெரிந்த உருவம் அது. அதே கடற்கரையில் கூடை சுமந்து மீன் விற்கப் போன பெண் அந்தப் பீடத்தில் ஏறவில்லை.

அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். சுமார் 10 ஏக்கர் கடலோர நிலம். சந்தைக்காக ஓவியத்தை வளைக்கக் கூடாது, பிழைப்புக்குக் கைவினை செய்துகொண்டு மனதுக்குப் பிடித்ததை வரைவோம் என்பது அவர்கள் எண்ணம். நிலம் வாங்கப் பணம் தந்தவற்றில் முக்கியமானது பாத்திக் துணி. மெழுகைப் பூசி மூடிவிட்டுச் சாயத்தில் முக்கும் அதே வித்தை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கரையின் வடக்கில் டச்சுக் கப்பலை நிரப்பிய மெழுகும் சாயமும், தெற்கே நவீன ஓவியத்துக்கு இடம் வாங்கிக் கொடுத்தன. ஆனாலும் சென்னை நவீன ஓவிய இயக்கத்தின் வரலாற்றில் கேன்வாஸும் சிற்பமும்தான் அத்தியாயங்கள். பாத்திக் பெரும்பாலும் ஒரு வாக்கியம். பிழைப்புக்குச் செய்தது கலை ஆகாது என்ற எண்ணம், அந்த எண்ணத்தை எதிர்த்துக் கிளம்பியவர்களின் வரலாற்றுக்குள்ளும் புகுந்துகொண்டது.

இந்த இயக்கத்தின் முதல் தலைமுறையில் பெண்கள் மிகச் சிலர். சிற்பி அனிலா ஜேக்கப், ஓவியத்திலும் செப்புத் தகட்டிலும் வேலை செய்து 1988இல் மறைந்த அர்னவாஸ், கோட்டோவியத்தில் தனி முத்திரை பதித்த பிரேமலதா சேஷாத்ரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. கூடத்தில் பெயரோடு படம் இருக்கிறது. அப்படியானால் பெயர் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? டி.கே. பத்மினியின் வாழ்க்கையை இங்கேதான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பத்மினி 1940இல் கேரளத்தின் பொன்னானிப் பக்கம் பிறந்தவர். சென்னைக்கு வந்து பணிக்கரின் மாணவியாகப் படித்தார். சில ஆண்டுகளுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச்சென்றார். கறுத்த, திடமான பெண்கள் அவர் படங்களில் தனியாகவும் கூட்டமாகவும் நிற்கிறார்கள். பார்ப்பவரைக் கவர வேண்டும் என்ற எண்ணம் அவர்கள் உடம்பில் இல்லை. மரங்களுக்கும் இருட்டுக்கும் நடுவே தங்கள் யோசனையில் இருக்கிறார்கள். பட்டம் விடும் பெண்ணை அவர் வரைந்த படம் பலருக்குத் தெரிந்திருக்கும். 1968இல் உடன் வரைந்த ஓவியர் ஒருவரை மணந்தார். அடுத்த ஆண்டே, முப்பது வயதைத் தொடாமல், பிரசவத்தில் இறந்தார். திறமை இருந்தது, பயிற்சி இருந்தது, மதித்த ஆசிரியரும் கணவரும் இருந்தார்கள். பெண்ணுடம்புக்கு வந்த ஆபத்துக்கு அதெல்லாம் கேடயமாகவில்லை. ஆண் ஓவியர்களின் ஐம்பதாண்டுப் படைப்புகளுக்குப் பக்கத்தில் பத்மினியின் சில ஆண்டுகளை வைத்துப் பார்க்கும்போது, காலமும் ஒரு சொத்துதான், அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது தெரிகிறது.

இன்றைக்கு

வரைந்த துணி செத்துவிடவில்லை. பழவேற்காட்டுக்கு வடமேற்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீகாளஹஸ்தியில், ஏறக்குறைய நின்றுபோயிருந்த கலம்காரி 1950களின் இறுதியில் உயிர் பெற்றது. கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினை வாரியம் அங்கே ஒரு பயிற்சி மையம் அமைத்ததே அதற்குக் காரணம். தந்தையிடமிருந்து மகனுக்குப் போன தொழில் பயிற்சி மையத்துக்கு வந்தபோது, பெண்களுக்கும் கலத்தைப் பிடிக்க வழி திறந்தது. இன்று அந்த ஊரில் கலம்காரி வரைபவர்களில் பெண்கள் ஏராளம். தமிழ்நாட்டில் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீடு ஊருக்குப் பெயர் தருகிறது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு துணியிலும் வரைந்தவளின் பெயரை அது எழுதித் தருவதில்லை.

இன்னொரு பக்கம், லாவண்யா மணி போன்ற இன்றைய ஓவியர்கள் கலம்காரி முறையையும் இயற்கைச் சாயத்தையும் எடுத்துக்கொண்டு, சீட்டித் துணி வணிகத்தின் காலனிய வரலாற்றையே துணியில் வரைகிறார்கள். அந்தத் துணி கலைக்கூடத்தின் சுவரில், ஓவியரின் பெயரோடு தொங்குகிறது. பருத்தியும் கடுக்காயும் அதேதான்; படித்த கல்லூரியும் காட்டிய இடமும்தான் வேறு. ‘ஓவியம்’ என்ற தகுதி பொருளில் இல்லை, அதைச் சுற்றி நாம் கட்டியிருக்கும் வேலியில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த வேலியை உள்ளிருந்து அசைப்பவர்களை நான் மதிக்கிறேன். வெளியே நிற்கும் பெண்களின் பெயரும் உள்ளே வரும்வரை வேலை முடியவில்லை என்றும் நினைக்கிறேன்.

இது பழங்கதை அல்ல என்பதற்கு எங்கள் ஊரே போதும். மீஞ்சூரைச் சுற்றி இப்போது அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், கன்டெய்னர் லாரிகள். கரையிலிருந்து ஏற்றுமதி நின்றபாடில்லை, சரக்குதான் மாறியிருக்கிறது. கரித்தூள் படிந்த வாசலைக் கழுவிக் காலையில் கோலம் போடுகிறார்கள். நன்றாக வரையும் ஒரு மாணவி எனக்கு இருந்தாள். கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவளுக்காகப் பேசப் போனபோது அவள் அம்மா என்னிடம் சொன்னார்: “கோலம் போடற கைதானே மிஸ், அதுக்கு எதுக்கு காலேஜு?” அவள் இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். மூன்று ஷிப்ட் வேலை. அந்த அம்மாவின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கணக்கில் தவறில்லை. படம் வரைந்து வீட்டு வாடகை கட்டிய பெண்ணை அவர் கண்டதில்லை. கண்டிருக்க வழியிருந்ததா என்பதுதான் கேள்வி. பழவேற்காட்டின் துணி உலகத்தின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தத் துணிக்குப் பின்னால் பெண்களின் கூலியும் கையும் இருந்தன என்றும் சொன்னதில்லை. வரைவது நம் தொழில் அல்ல என்று அவர் நம்புவதற்கு, முந்நூறு ஆண்டு மௌனம் துணை நின்றிருக்கிறது.

அதனால் என் மாணவிகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். அருங்காட்சியகத்துக்குப் போனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் கீழே உள்ள சீட்டைப் படிக்க வேண்டும். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை? வாங்கியவருக்குப் பெயர் இருந்து செய்தவருக்கு இல்லையென்றால் ஏன்? நூற்றது, அரைத்தது, அலசியது, சமைத்துப் போட்டது யார்? இது ஏன் இந்த அறையில் இருக்கிறது, அந்த அறையில் இல்லை? பிறகு அந்தச் சீட்டைத் தங்கள் கையால் திருத்தி எழுத வேண்டும். பெயரைக் கற்பனை செய்யக் கூடாது. உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதலாம். ஒரு சீட்டித் துணிக்கு ஒரு வகுப்பு சேர்ந்து எழுதிய சீட்டு இப்படி இருந்தது:

‘பருத்தித் துணி, சோழமண்டலக் கரை. நூற்றவர்கள் பெண்கள். நெய்தவர், வெளுத்தவர், வேர் தோண்டியவர், வரைந்தவர் பலர். இவர்களின் பெயரை வாங்கிய கம்பெனி எழுதிவைக்கவில்லை.’